கிழட்டு உயிரணு வேண்டுமா, வேண்டாமா?

காயத்தை ஆற்றவும் அது உதவுகிறது!

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது சிலமலை. இந்த வட்டாரத்து ஊர்களில் இருந்து, பொழுது விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

தோட்ட வேலை என்றால் கையில் அரிவாள் படும். காலில் முள் குத்தும். பேத்திக்குக் காயம் சீக்கிரம் ஆறி விடுகிறது. பாட்டிக்கோ ஆற நாள் ஆகிறது.

ஏன் இப்படி?

"வயதாகி விட்டது, அதனால்தான்" என்பார்கள். அது உண்மை. ஆனால், பாதி உண்மைதான்!

50 தடவை

உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. இவற்றை "செல்" என்றும் சொல்வார்கள். ஒன்று இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். இப்படித்தான் உடம்பு வளர்கிறது. காயமும் மூடுகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. 1961-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஹேபிளிக், மூர்ஹெட் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். பாத்திரத்தில் வளர்த்த மனித உயிரணுக்கள் சுமார் 50 தடவை பிரிந்தன. பிறகு நின்று விட்டன. சாகவில்லை, ஆனால் பிரியவும் இல்லை. அதுதான் உயிரணுவின் முதுமை!

அழித்தால் என்ன?

இந்தக் கிழட்டு உயிரணுக்கள் சும்மா இருப்பதில்லை. சில பொருள்களைச் சுரந்து, அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கும் தொல்லை கொடுக்கின்றன.

2011-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார், சீக்கிரம் முதுமை அடையும் எலிகளிடம் இவற்றை அழித்துப் பார்த்தார்கள். முதுமைக் கோளாறுகள் தள்ளிப் போயின. உடனே மருந்து தேடும் வேட்டை தொடங்கியது.

ஆனால், 2014-ல் ஒரு திருப்பம்! கலிபோர்னியாவில் ஜூடித் கேம்பிசி, மார்கோ டெமரியா குழுவினர் எலியின் தோலில் ஏற்பட்ட காயத்தைக் கவனித்தார்கள். சில நாட்களிலேயே அங்கே கிழட்டு உயிரணுக்கள் தோன்றின. அவற்றை அழித்தபோது, காயம் மூடத் தாமதம் ஆயிற்று! அவை சுரந்த ஒரு பொருள்தான் காயத்தை மூடத் துணை செய்தது.

அப்படியானால் தொல்லை எப்போது வருகிறது? வேலை முடிந்த பிறகும் அவை போகாமல் தேங்கும்போதுதான்! முதுமையில் இப்படித் தேங்குகின்றன. சர்க்கரை நோயாளியின் ஆறாத புண்ணுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏலத் தோட்டக்காரருக்கு இது புரியும். காய்த்து ஓய்ந்த பழைய தண்டை அறுத்து எடுக்க வேண்டும். காய் இருக்கும்போதே அறுத்தால் நட்டம்!

மாத்திரை வாங்கலாமா?

கிழட்டு உயிரணுவை அழிக்கும் மருந்துகள் இன்னும் பரிசோதனையில்தான் இருக்கின்றன. "இளமை திரும்பும்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சிதம்பரத்தில் பிறந்து, 2009-ல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், முதுமை பற்றி 2024-ல் ஒரு நூல் எழுதினார். இந்த ஆரவாரத்தைப் பற்றி அவரும் எச்சரித்து இருக்கிறார்.

இன்று கையில் இருக்கும் வழி எளியது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். காபித்தூள், சுண்ணாம்பு அப்பக் கூடாது. தடுப்பு ஊசி போட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்; செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. சிறு புண் என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், சர்க்கரை நோய்க்கு வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அதை ஒழுங்காகச் சாப்பிட்டாலே, பாட்டியின் கால் பிழைக்கும்!