மறைநிலை யாரிடமிருந்து மறைக்கிறது?

நகைக் கடன் வட்டி, நில அடமானம், தவணை தவறிய பயிர்க் கடன் ஆகியவை பற்றிக் கைபேசியில் தேடும்போது, வீட்டிலுள்ளவர்கள் அறியக் கூடாதென்று 'இன்காக்னிட்டோ' எனும் மறைநிலைப் பக்கத்தைத் திறந்துகொள்ளும் விவசாயிகள் உண்டு. தொப்பியும் கண்ணாடியும் கொண்ட அந்தப் படத்தைக் கண்டதும், இனி தம்மை எவரும் காண முடியாது என்ற தைரியம் பிறந்துவிடுகிறது. இந்தத் தைரியத்தில் பாதிதான் சரி. மீதிப் பாதி ஆபத்தானது.

மறைநிலைப் பக்கம் செய்வது ஒரே வேலைதான். பார்த்த பக்கங்களின் பட்டியல், படிவத்தில் நிரப்பிய விவரம், 'குக்கி' எனப்படும் அடையாளக் குறிப்பு ஆகியவற்றைப் பக்கத்தை மூடியதும் அக்கைபேசியில் தங்கவிடாமல் நீக்கிவிடுகிறது. ஒரே கைபேசியை மகனும் மருமகளும் மாறி மாறிக் கையாளும் வீட்டில் இது பயனுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் வெளியே சென்ற செய்தியை அது திரும்ப அழைக்காது. மண்டிக்கு மூட்டை ஏற்றிச் சென்ற வண்டியின் தடத்தைக் களத்து மேட்டில் பெருக்கி அழித்துவிடலாம். வழியில் சுங்கச் சாவடிக்காரர் பார்த்ததையும், மண்டிக்காரர் எடை போட்டுப் பேரேட்டில் எழுதிக்கொண்டதையும் அழிக்க இயலுமா? கைபேசிக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம், எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குச் சென்றார்கள் என்பதை அறியும். இந்தியாவில் இத்தகைய இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமென்று 2021 டிசம்பரில் தொலைத் தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தியது. சென்ற தளமும் இணைப்பின் எண்ணைக் கொண்டு வந்தவரைக் குறித்துக்கொள்ளலாம். மறைநிலையிலேயே ஜிமெயில் அல்லது முகநூல் கணக்கில் நுழைந்தால் ஊரும் பேரும் சொன்னதாகவே ஆயிற்று.

இது பற்றி அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது. மறைநிலையில் உலவியவர்களைப் பற்றியும் கூகுள் நிறுவனம் தகவல் திரட்டியது என்று 2020 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. எத்தனையோ தளங்களில் கூகுளின் விளம்பரக் கருவியும் வருகையைக் கணக்கெடுக்கும் கருவியும் பொருத்தப்பட்டுள்ளன. பக்கம் திறந்தவுடன் அவற்றின் வழியே கூகுளுக்குத் தகவல் போய்ச் சேரும். வழக்காடியோர் குறைந்தது 500 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டனர். 2023 டிசம்பரில் இரு தரப்பும் சமரசத்துக்கு இசைந்தன. திரட்டிய பதிவுகளை அழிப்பதாகவும், மறைநிலைப் பக்கத்தின் அறிவிப்பு வாசகத்தைத் திருத்துவதாகவும் கூகுள் ஒப்புக்கொண்ட விவரம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. பயன்படுத்தியவர்களுக்குப் பணம் எதுவும் கிடைக்கவில்லை. தனித்தனியே வழக்குப் போடும் உரிமை மட்டும் மிஞ்சியது.

படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இத்தனை பேர் ஏமாந்ததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் எனலாம். 'இந்தக் கருவியில் தடம் தங்காத பக்கம்' என்று பெயர் வைத்திருந்தால் குழப்பமே வந்திராது. பூச்சிமருந்துப் புட்டியில் எந்தப் பூச்சிக்கு என்று எழுதாமல் 'பாதுகாப்பு' என்று மட்டும் எழுதி விற்க எவரும் அனுமதிப்பதில்லை. கணினிக்காரர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை ஏன் என்று தெரியவில்லை.

கடன் தேடுவோர் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. மறைநிலையில் பார்த்தும், மறுநாளே கடன் தருவதாக அழைப்பு வருகிறதே என்று வியப்போர் உளர். பெரும்பாலும் வட்டிக் கணக்குப் பார்க்கவென்று அங்கே கேட்ட கட்டத்தில் தம் கைபேசி எண்ணைத் தாமே நிரப்பியிருப்பார்கள். நிரப்பிக் கொடுத்த எண்ணை எந்த மறைநிலையும் காக்காது. எண் கேட்கும் தளத்தை மூடிவிட்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கிக் கிளையிலோ நேரில் விசாரிப்பதே நலம்.

கடன் செயலிகளின் கதை இதைவிட மோசம். செயலியைக் கைபேசியில் நிறுவியபின் மறைநிலைக்கு அங்கே வேலையே இல்லை. தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் உறவினருக்கெல்லாம் செய்தி அனுப்பி மானத்தை வாங்கிய செயலிகள் உண்டு. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், கோப்புகள், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. ஆகவே அவற்றுக்கு அனுமதி கேட்கும் செயலியை அப்போதே நீக்கிவிட வேண்டும். மிரட்டல் வந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

மறைநிலை உண்மையில் தேவைப்படும் இடம் வேறு. இ-சேவை மையத்திலோ கடைத்தெருக் கணினியிலோ பட்டா, சிட்டா எடுக்கும்போதும், வங்கிக் கணக்கில் நுழையும்போதும் அதைத் திறக்கச் சொல்ல வேண்டும். அடுத்து அமர்பவர் அந்தக் கணக்கில் நுழைய இடமிராது. எல்லா மறைநிலைச் சன்னல்களையும் மூட வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் கணக்கு திறந்தே இருக்கும். இறக்கிய பட்டா நகலோ ஆதார் நகலோ மறைநிலையை மூடினாலும் போகாது. கணினியின் 'டவுன்லோட்ஸ்' பகுதியில் அப்படியே கிடக்கும். அச்சு எடுத்தபின் அதை அங்கிருந்தும், 'ரீசைக்கிள் பின்' எனும் குப்பைக் கூடையிலிருந்தும் நீக்கச் சொல்லி, நீக்குவதைப் பார்த்தபின் எழுந்து வர வேண்டும். மையம் நடத்துவோர் இதை வாடிக்கையாளர் கேட்காமலே செய்யும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டால், கேட்கத் தயங்கும் முதியவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.