முதல் அடியை வைத்து ஆளை எடை போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் நேற்று முகநூலில் ஒரு வீடியோ பகிர்ந்திருந்தான். பேஸ்பாலில் ஒரு புதுப் பையன் மட்டை பிடித்த முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடிக்கிறான். நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்து சுவரைத் தாண்டிப் போகிறது. மேலே அவன் எழுதியிருந்தது: "திறமை இருந்தா முதல் நாளே தெரிஞ்சிடும்." அதற்கு லைக் போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பையன் அடித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். நான் மறுப்பது அந்த ஒரு வரியை.

மேஜர் லீக்கில் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களில் ஹோய்ட் வில்ஹெல்ம் என்றொருவர், 1952-ல் அடித்தார். அதன் பிறகு 1972 வரை விளையாடியும் இன்னொரு ஹோம் ரன் அடிக்கவில்லை. அவர் பந்து வீசுபவர். அந்த வேலையில்தான் பெரும்பெயர் எடுத்தார். முதல் நாள் காட்டிய திறமை ஒன்று, அவருடைய உண்மையான திறமை வேறொன்று.

மறுபக்கம் பாருங்கள். வில்லி மேஸ் 1951-ல் வந்தபோது முதல் 12 வாய்ப்புகளில் ஒரு ஹிட் கூட இல்லை. என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று அழுதிருக்கிறார். மேலாளர் லியோ துரோச்சர் அனுப்பவில்லை. அந்தப் பையன் பிறகு 660 ஹோம் ரன் அடித்தார். 755 அடித்த ஹாங்க் ஆரோன், 1954-ல் தன் முதல் ஆட்டத்தில் ஐந்து வாய்ப்பிலும் ஹிட் எடுக்கவில்லை.

"ஆரோன் ஜட்ஜ் முதல் வாய்ப்பிலேயே அடித்தாரே சித்தி?" என்று நீ கேட்பாய். கேள். 2016 ஆகஸ்ட் 13 அன்று அவரும் டைலர் ஆஸ்டினும் ஒரே அணிக்காக, அடுத்தடுத்து, தங்கள் முதல் வாய்ப்பில் அடித்தார்கள். ஆஸ்டின் பல அணிகள் மாறி ஜப்பானுக்கு ஆடப் போனார். ஜட்ஜ் 2022-ல் 62 அடித்தார். தொடக்கம் ஒன்று, பாதை இரண்டு. அதே 2016-ல் ஜட்ஜ் 84 வாய்ப்புகளில் 42 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். முதல் அடி திறமைக்குச் சாட்சி என்றால், இந்த 42 எதற்குச் சாட்சி?

பத்துக்கு மூன்று முறை ஹிட் எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லும் விளையாட்டு அது. அதில் ஒரே ஒரு அடி என்ன சொல்லிவிடும்? புதியவனின் பலவீனம் எதிரணிக்கு முழுதாகத் தெரிவதே பிறகுதான். அதைக் கண்டுபிடித்த பின் அவன் எப்படித் திருத்திக்கொள்கிறான் என்பதுதான் பரீட்சை.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், இந்தத் தவறை நானே செய்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜூன் முதல் வாரமே சொல்வதெழுதுதல் வைப்பேன். அந்த மதிப்பெண்படி பெஞ்சு வரிசை. கடைசி பெஞ்சுக்குப் போன ஒரு பையன் பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. வீடு தேடிப் போனேன். அவன் அம்மா சொன்னார்: "இவனுக்குப் படிப்பு வராதுன்னு டீச்சரே சொல்லிட்டாங்களாம்." நான் வாயால் சொல்லவில்லை. நான் போட்ட பெஞ்சு சொல்லிவிட்டது. அவனைத் திரும்ப அழைத்து வர என்னால் முடியவில்லை. அடுத்த வருடமே அந்த வரிசையை எடுத்தேன். அவனுக்கு அதனால் என்ன பயன்?

இன்று உங்களில் பலர் அப்பா, அம்மா. சிலர் ஆசிரியர்கள். பிள்ளையின் முதல் தேர்வுத் தாளைப் பார்த்து "இவனுக்குக் கணக்கு வராது" என்று சொல்ல வாய் வரும்போது வில்லி மேஸை நினையுங்கள். அவருடைய முதல் ஹிட் 13-வது வாய்ப்பில் வந்தது. அது ஹோம் ரன். அதுவரை அவரை மைதானத்தில் வைத்திருக்க ஒருவர் இருந்தார்.

வீடியோ போட்ட மகனே, சித்தி மேல் கோபிக்காதே. வீடியோ இருக்கட்டும், அந்த வரியை மட்டும் எடுத்துவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்