தேய்மானக் கணக்கு

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி மணிக்கட்டில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். ‘கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்’ என்றார். அன்று சாயங்காலத்துக்குள் புது மவுஸ், புது நாற்காலி, நாலு நாள் லீவு எல்லாம் சாங்ஷன். நல்ல விஷயம்தான். எனக்குப் பொறாமையில்லை. ஆனால், வீடு போகும் வழியெல்லாம் அம்மாவின் வலது கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் என்னை பி.காம். படிக்கவைத்தார். கனத்த கத்தரிக்கோல், தீபாவளி சமயத்தில் ராத்திரி ஒரு மணி வரை வேலை. பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். ‘விரலெல்லாம் மரத்துப்போகுதுடா... எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.’ அப்பா தைலம் எடுத்துக் கொடுப்பார். ஏரியா டாக்டர், ‘வயசாகுதில்லே... சத்துக்குறைவு’ என்று பி-காம்ப்ளெக்ஸ் எழுதுவார். அப்போது அம்மாவுக்கு வயது 38!

பத்து வருஷம் அதே மாத்திரை. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக் குழி விழுந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோதுதான் ஒரு நரம்பியல் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். கூடவே, ‘கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா’ என்றார்.

முன்னாடியே வந்தோம் டாக்டர். உங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

நோய் ஒன்றும் பரம ரகசியமில்லை. மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் வாய்க்கால் மாதிரி வளைந்திருக்கின்றன. மேலே மூடி போட்டதுபோல் ஒரு கெட்டியான நார்ப்பட்டை. அந்தச் சந்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், மீடியன் என்ற நரம்பும் டவுன் பஸ் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டு விரல் தப்பித்துவிடும். ராத்திரியில் அதிகமாகும். உதறினால் கொஞ்சம் தேவலை. இதைச் சந்தேகிக்க ஸ்கேன் வேண்டாம். ரெண்டு நிமிஷம் காது கொடுத்தால் போதும்.

யாருக்கு வரும்? ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை, தைராய்டு குறைவு, முடக்குவாதம், கர்ப்பம் இருந்தால் வாய்ப்பு கூடும். அழுத்திப் பிடித்து ஒரே அசைவை ஓயாமல் செய்யும் கைகளுக்கும், அதிரும் கருவிகளைப் பிடிக்கும் கைகளுக்கும் வரும். கம்ப்யூட்டர்? டென்மார்க்கில் ஏறத்தாழ 7,000 ஊழியர்களை ஒரு வருஷம் கவனித்து 2003-ல் வெளியான ஆய்வு, அதைப் பெரிய குற்றவாளியாகப் பார்க்கவில்லை. நாமோ இதை ‘ஐ.டி. வியாதி’ என்று ஏ.சி. ரூமுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். திருப்பூரில் நாள் முழுக்கப் பிசிர் வெட்டுகிற பெண்ணுக்கு வந்தால் அது வெறும் ‘அசதி’!

2010-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் தொழில்நோய்ப் பட்டியலில் இதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. நம் 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலில் ஈய விஷம், ஆந்த்ராக்ஸ், சிலிகோசிஸ் என்று 29 நோய்கள் இருந்தன. இது இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் நிறைவேற்றிய சட்டத்தொகுப்பின் பட்டியலிலும் இல்லை.

பி.காம்.மில் தேய்மானம் என்று ஒரு பாடம். மெஷின் தேயும், அதனால் வருஷா வருஷம் கழித்து எழுதவேண்டும். வருமான வரிக் கணக்கில் சாதாரண மெஷினுக்கு 15 சதவீதம். அதை ஓட்டுகிற கைக்கு? எந்த லெட்ஜரிலும் ஒரு வரி கிடையாது.

‘சுகர் இருக்கிறவங்களுக்கு வந்தாலும் கம்பெனியா பொறுப்பு?’ என்று முதலாளி நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. வேலையால் எவ்வளவு, உடம்பால் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்தான். அதற்குத்தான் முதலில் பதிவு செய்யுங்கள் என்கிறேன். எண்ணாத நோய்க்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது? ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுப்பதற்கும், கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக் கொடுப்பதற்கும் கம்பெனி ஒன்றும் திவாலாகிவிடாது.

சட்டம் வரும்போது வரட்டும். நீங்கள் காத்திருக்காதீர்கள். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். தூங்கும்போது கட்டி, ஆறு வாரம் பாருங்கள். சுகரும் தைராய்டும் டெஸ்ட் பண்ணுங்கள். கர்ப்பத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிடும். அடங்காவிட்டால் நரம்புப் பரிசோதனை, ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் மசியாவிட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் சின்ன ஆபரேஷன். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால், எந்நேரமும் மரத்தே இருந்தாலோ, டம்ளர் கைநழுவினாலோ, கட்டைவிரல் சதை வற்றினாலோ ஆறு வாரமெல்லாம் பார்க்காதீர்கள். உடனே டாக்டரிடம் ஓடுங்கள். வற்றிய சதை ஆபரேஷனுக்குப் பிறகும் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது எழுந்து கையை உதறினால் தைலத்தைத் தேடாதீர்கள். ‘எந்த விரல்?’ என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் பத்து வருஷம் அதை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.