லாரிக்கும் விண்டேஜ் தகுதி வேண்டும்

பெங்களூரு பீன்யாவில் ஐம்பது வயது தாண்டிய லாரியை விற்க முனைபவரிடம் முதலில் விலை பேச வருபவர் பெரும்பாலும் காயலாங்கடைக்காரர்தான். சேஸிஸ் எத்தனை டன், டயர் எத்தனை தேறும் என்று எடைக்கணக்கிலேயே பேச்சு முடிந்துவிடும். வண்டியின் வயதுக்கு மதிப்பில்லை.

அந்த வயதில் நாட்டின் தொழில் வரலாறு இருக்கிறது. 1954-இல் டாடா, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடியும்வரை லாரியின் முகப்பில் மெர்சிடிஸ் நட்சத்திரம் இருந்தது.

அதே வயதுடைய காருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. ஒன்றிய அரசு 2021-இல் திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் தகுதி பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். விற்கலாம், வாங்கலாம். ஆனால் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டுமே இந்தச் சலுகை. முதலாளி ஏறிப்போன கார் பாரம்பரியச் சின்னம், ஊருக்கே நெல்லும் சிமென்ட்டும் சுமந்த லாரி பழைய இரும்பு என்பது என்ன நியாயம்?

புகை, விபத்து என்ற அச்சத்துக்கும் விதியிலேயே பதில் உண்டு. விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். லாரிக்கும் அதே கட்டுப்பாடு போதும். யாரும் மறுபடி லோடு ஏற்றக் கேட்கவில்லை.

ஒரு நிபந்தனையை மட்டும் லாரிக்கேற்ப மாற்ற வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. லாரியோ பெரும்பாலும் ஆலையிலிருந்து வெறும் சேஸிஸாகவே வெளிவந்தது. கேபினும் மரப்பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் கட்டப்பட்டவை. அந்தக் கைவேலையையும் அசலாகவே ஏற்க வேண்டும்.

சீரமைக்கும் திறமைக்கு பீன்யாவில் பஞ்சமில்லை. சந்தையில் கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் மாதிரி பார்த்துக் கடைந்து தரும் லேத் பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

விற்பவர்களும் அவசரப்படக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சேஸிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓட்டையை மறைக்கப் புதுப் பெயின்ட் அடிக்காமல், குறைகளை எழுதிக் கொடுத்து, பாகம் பாகமாகப் பிரிக்காமல் முழு வண்டியாக விற்பதே நல்லது.

மற்றது அரசின் கையில். சரக்கு வண்டிகளை ஒதுக்கும் அந்த வரையறையைத் திருத்தும்படி கர்நாடக, தமிழகப் போக்குவரத்துத் துறைகள் ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். எஞ்சியிருக்கும் பழைய லாரிகளைக் கணக்கெடுக்கும் வேலையை அதற்காகக் காத்திராமல் இப்போதே தொடங்கலாம்.