திண்ணைப் பேச்சு: பதினேழுக்குள்ள வரணும்

திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிற அந்தக் கிராமத்தில், பெருமாள் கோயில் தெருக் கடைசி வீட்டை 'ரேடியோ வீடு' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயசு. வயல் வேலையெல்லாம் மகன் கைக்குப் போய்விட்டது. பெரியவரிடம் மிச்சம் இருப்பது அஞ்சு ரேடியோ பெட்டிகள். அதில் மூன்று பாடும். ஒன்று எப்போதாவது பாடும். இன்னொன்று அவருடைய அப்பா வாங்கியது, வால்வு போட்டது. அது பாடி முப்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றி, கோழி இறகால் தூசி தட்டி, மறுபடி மூடி வைக்கிறார். அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்த லைசென்ஸ் புத்தகம்கூட நிலப் பத்திரத்தோடு சேர்ந்து டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

பெட்டிகள் உட்கார்ந்திருக்கிற இடம்தான் வேடிக்கை. 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச டிவி என்றைக்கோ புகைந்துபோய், அதன் ஸ்டாண்டு மட்டும் நிற்கிறது. 2011-க்குப் பிறகு வந்த மின்விசிறி பக்கத்தில் இருந்து அதற்குக் காற்று வீசுகிறது. "ரெண்டு ஆட்சியும் சேர்ந்துதான் என் ரேடியோவைக் காப்பாத்துது. ஆனா, பேட்டரி கட்டை தர்றேன்னு சொல்ல ஒரு கட்சிக்கும் வாய் வரலையே" என்பார் பெரியவர். தேர்தல் நெருங்கிய நேரம் அது. யாராவது அதையும் சொல்லிவிடுவார்களோ என்று வீட்டம்மாவுக்குப் பயம். இருக்கிற பெட்டிகளுக்கே அடைக்க இடம் இல்லை.

தீபாவளி முடிந்த கையோடு குறுவை அறுத்தார்கள். நாலு மாவில் ஆடுதுறை 43. மாவுக்குப் பத்து மூட்டை என்று, 60 கிலோ மூட்டையில் நாற்பது கண்டது. இந்த வருஷத்துக்குக் குறை சொல்ல முடியாத விளைச்சல். ஆனால், அறுவடை மிஷின் கிடைத்ததே காலை ஏழு மணிக்குத்தான். பனி ஈரம் காயவில்லை. முதல் நாள் தூறல் வேறு. "பதினோரு மணிக்கு மேல இறக்கச் சொல்லு" என்று வீட்டம்மா சொன்னதற்கு, "அப்போ மிஷின் அடுத்த ஊருக்குப் போயிடும்மா" என்று மகன் பதில் சொன்னான். அவன் சொன்னதும் நியாயம்தான். மிஷின் வருகிற நேரம்தானே இப்போதெல்லாம் அறுவடை நேரம்.

ஒரு பை நெல்லை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனான். மிஷினில் போட்டுப் பார்த்தார்கள். 21 காட்டியது. 17-க்கு மேல் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே படுதா போட்டு மூடிய குவியல்கள் வரிசையாக நின்றன. ஒரு குவியலின் ஓரத்தில் பச்சையாக முளை எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், "வியாபாரி மூட்டை 1,100 ரூபாய்க்குக் கேக்குறாருப்பா. ஈரத்தோடவே அள்ளிக்கிறாராம். காசு கையில. நகைக்கடன் வட்டி கெடு வேற வருது" என்றான்.

பெரியவர் ரேடியோவின் முள்ளைத் திருகிக்கொண்டே, "குடுத்துடேன்ப்பா. மழையில கெடந்து முளைச்சா மாட்டுக்குத்தான் போடணும்" என்றார்.

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "மாமா, ஒரு நிமிஷம் அந்தப் பொட்டியை நிறுத்துங்க" என்றாள். அந்த வீட்டில் அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

"சன்ன ரகத்துக்கு அரசாங்கம் 2025-26 சீசனுக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் தருது. மத்திய அரசு 2,389, அதுக்கு மேல மாநில அரசு 156. அறுபது கிலோவுக்குக் கணக்குப் பாருங்க. 1,527 ரூபாய் ஆகுது. மூட்டைக்கு நானூறு ரூபாய்க்கு மேல விட்டுட்டு நிக்கிறோம்."

"அது காய்ஞ்ச நெல்லுக்கு. காய வச்சா எடை கொறையும்ல?" என்றான் கணவன்.

"குறையும். எவ்வளவு குறையும்னு சொல்லுங்க."

அவனுக்குத் தெரியவில்லை. நெல் விளைவிக்கிற பலருக்கும் தெரியாத கணக்குதான் இது. ஏழாவது படிக்கிற பேரன்தான் நோட்டு எடுத்து வந்தான். 100 கிலோ நெல்லில் 21 கிலோ தண்ணீர் என்றால், மீதி 79 கிலோ தண்ணீர் இல்லாத நெல். எவ்வளவு காய்ந்தாலும் அந்த 79 குறையாது. ஈரம் 17-க்கு வரும்போது, மொத்த எடையில் 83 பங்காக அந்த 79 இருக்கும். 79-ஐ 83-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 95 கிலோ 180 கிராம். ஆக, குவிண்டாலுக்கு அஞ்சு கிலோகூடக் குறையவில்லை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நோட்டை இரண்டு முறை பார்த்தார்.

"குவிண்டாலுக்கு அஞ்சு கிலோ தண்ணியைப் போக்கறதுக்குப் பயந்துகிட்டு மூட்டைக்கு முந்நூத்தம்பது ரூபாயா விடுறோம்?" என்று வீட்டம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்கு சரி. காய வைக்கிற இடம்? அங்கேதான் சிக்கல். ஊரில் பாதிப் பேர் தார் ரோட்டில்தான் காய வைக்கிறார்கள். போன வருஷம் சம்பா சமயத்தில் ரோட்டு நெல்லில் பைக் சறுக்கி, பள்ளிக்கூடம் போன பொண்ணு ஒருத்திக்குக் கை எலும்பு முறிந்தது. அந்தப் பொண்ணு இந்த வீட்டுப் பேரனோடு ஒரே வகுப்பு. "ரோட்டுல போட்டா நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று மருமகள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

ஊருக்குப் பொதுவாக சிமென்ட் களம் ஒன்று உண்டு. ஆனால், அதன் மேல் எப்போதோ வடிகால் வேலைக்குக் கொட்டிய ஜல்லியும் மணலும் கிடக்கின்றன. வேலை பாதியில் நின்றது, ஜல்லி முழுசாய் நின்றது. ஓரத்தில் இரண்டு சிமென்ட் பீடங்கள் வேறு. பொது இடங்களில் உள்ள கொடிக்கம்பங்களை எடுக்கும்படி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்ட பிறகு, கம்பம் போய் பீடம் நின்றது. அதில் இப்போது மிளகாய் வற்றல் காய்கிறது. எந்தக் கட்சிப் பீடத்தில் காய்ந்த வற்றலுக்குக் காரம் அதிகம் என்பது டீக்கடையில் இன்னும் முடியாத விவாதம்.

மறுநாள் காலையில் மருமகள் மகளிர் குழுவில் அஞ்சு பேரைக் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போனாள். யார் யார் ஜல்லி அள்ளுகிறார்களோ, அவர்கள் வீட்டு நெல்லுக்குக் களத்தில் முதல் முறை. இதுதான் பேச்சு. கூடையும் மண்வெட்டியுமாக ஆறு பெண்கள் அள்ளுவதை டீக்கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்களில் ஒருவர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அது அவள் புருஷன். மத்தியானத்துக்குள் முக்கால் களம் வெளியே வந்துவிட்டது.

பெரியவருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். மழை பார்க்கிற வேலை. வானொலியில் வானிலை அறிக்கை வருகிற நேரமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். திண்ணையில் உட்கார்ந்து கேட்டு, மழை என்றால் பேரனை விரட்ட வேண்டும். அவன் ஓடிப் போய்ப் படுதாவை இழுக்கச் சொல்ல வேண்டும்.

"எங்க அப்பா காலத்துல ஆடுதுறை 27-ன்னு ஒரு நெல்லு வந்துச்சு" என்று அன்றைக்கு ஆரம்பித்தார். "1965-ல வெளியிட்டாங்க. நூத்தி அஞ்சு நாள் பயிரு. இந்த நெல்லைப் போடுங்க, இப்படி நடுங்க, இவ்வளவு உரம் வைங்கன்னு திருச்சி ரேடியோவுல தினம் தினம் சொன்னான். அதைக் கேட்டுக் கேட்டே தஞ்சாவூர் ஜில்லா பூரா நட்டுச்சு. அதுக்குப் பேரே ரேடியோ நெல்லு. வாயில நுழையாத நம்பரை எவன் சொல்லுவான்? கடையில போய், ரேடியோ நெல்லு இருக்கான்னுதான் கேப்பாங்க."

"சரி மாமா. இப்ப எந்த ரேடியோ வந்து பதினேழைச் சொல்லிக் குடுத்துச்சு?" என்றாள் மருமகள்.

"அதுதான் நீ இருக்கியேம்மா" என்றார் பெரியவர்.

காய வைப்பதிலும் அவள் கண்டிப்புதான். இரண்டு விரற்கடைக்கு மேல் கனம் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை காலால் சால் பிடித்துக் கிண்டிவிட வேண்டும். உச்சி வெயிலில் சிமென்ட் கொதிக்கும்போது நெல்லைக் கூட்டிக் குவித்து, நிழல் கொடுத்துவிட்டு, இறங்குவெயிலில் மறுபடி பரப்ப வேண்டும். ஒரேயடியாகச் சூடேறினால் அரிசி உள்ளுக்குள்ளே வெடித்து, அரைவையில் நொய்யாகப் போகும். ராத்திரியில் நெல் தரையோடு ஒட்டாமல் அடியிலும் ஒரு படுதா.

சரி, 17-க்கு வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டம்மா பல்லில் கடித்துப் பார்த்து, "டக்குன்னு சத்தம் வருது, போதும்" என்பார். அந்தக் கைப்பக்குவத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், மிஷினுக்குப் பல் கிடையாதே. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லைப் போட்டு, வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு கரண்டி சேர்த்துக் குலுக்கிப் பார்ப்பதும் உண்டு. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் 15-க்கு மேல் ஈரம் இருக்கிறது, ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. விதை நெல் எடுத்து வைக்க அது நல்ல சோதனை. 16-க்கும் 18-க்கும் வித்தியாசம் கேட்டால் உப்புக்குச் சொல்லத் தெரியாது.

மருமகள் செய்தது வேறு. காய வைப்பதற்கு முன்பே சரியாக 10 கிலோ நெல்லை எடை போட்டு, அதே களத்தில், அதே கனத்தில், தனிச் சாக்கில் பரப்பிவைத்தாள். ஆரம்ப ஈரம் 21 என்று மிஷின் சொல்லிவிட்டது அல்லவா? பேரன் போட்ட கணக்குப்படி இந்த 10 கிலோ, 9 கிலோ 518 கிராமுக்கு இறங்கினால் 17. அதற்கும் கொஞ்சம் கீழே போனால் தைரியம். டீக்கடை எலெக்ட்ரானிக் தராசைக் கடன் வாங்கி வந்து திண்ணையில் வைத்தாள். மூன்று வேளை எடை. ஒரு மணி சிந்தினாலும் கணக்குக் கெட்டுவிடும் என்று கோழிகளுக்குக் காவலாகப் பேரன்.

முதல் நாள் சாயங்காலம் 9 கிலோ 760. இரண்டாம் நாள் மத்தியானம் பெரியவர் திண்ணையில் இருந்து கத்தினார். பேரன் ஓடினான், படுதா மூடியது, அரை மணி கொட்டிவிட்டு மழை போனது. மகன் முகம் சுருங்கிவிட்டது. "வியாபாரிக்குப் போன் போட்டுடவா?" என்றான். யாரும் அவனைத் திட்டவில்லை. நகை அவன் பொண்டாட்டியுடையது, கெடு தேதி அவன் தலைக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு ஒரு நாள் பொறுங்க" என்றாள் அவள். மூன்றாம் நாள் நல்ல வெயில். நாலு மணிக்கு 9 கிலோ 470.

அன்றைக்கு ராத்திரியே சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, காலையில் டிராக்டர் போயிற்று. மிஷினில் 16.6 காட்டியது. நாற்பது கிலோ சிப்பம் 56. மிச்சம் 33 கிலோ வீட்டுப் பத்தாயத்துக்கு வந்தது. 57,008 ரூபாய்க்குப் பட்டியல் போட்டார்கள். வியாபாரி கணக்கில் 44,000. டிராக்டர் வாடகை போகவும் நகைக்கு வட்டி கட்டி மிச்சம் இருந்தது.

மாநில அரசு 2025-ல் 22 சதவிகிதம் வரைக்கும் அனுமதி கேட்டது. 2022 அக்டோபரில் 19 வரைக்கும், 2023 பிப்ரவரியில் 20 வரைக்கும் மத்திய அரசு தளர்த்தியதும் உண்டு. குழு வரும், நெல்லை அள்ளிப் பார்க்கும், போகும். உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது என்பதுதான் டெல்டாக்காரர்களின் பழைய வழக்கு. ஐப்பசியில் மழை வரும் என்பது டெல்லிக்கும் சென்னைக்கும் தெரியாத சேதி இல்லை. களமும் மிஷினும் ஊருக்கு ஊர் இருந்தால் பாதி வழக்கு தீரும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் கிராம சபை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, அந்த மாவட்டத்து ஊராட்சிகளில் அப்போது தலைவர்கள் இல்லை. தனி அலுவலர் நிர்வாகம். "யாரைப் போய்க் கேக்குறது?" என்று ஆண்கள் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகள் எழுந்து, களத்தில் மிச்சம் இருக்கிற ஜல்லியை எடுக்க வேண்டும், வெடிப்பைப் பூச வேண்டும், ஈரப்பதம் பார்க்கிற மிஷின் ஒன்று ஊரில் வைக்க வேண்டும் என்று மூன்றையும் சொன்னாள். குறித்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து கையெழுத்துக்குப் புத்தகம் வந்தது. எல்லோரும் வழக்கம்போல் மடக்கின பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் பக்கத்தைத் திருப்பிப் படித்தாள்.

'உலர்களம் பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது.

"விவாதிக்கப்பட்டதுன்னா என்ன சார்?" என்றாள்.

"பேசினோம்லம்மா, அதான்."

"பேசுனது டீக்கடையில நிதம் நடக்குது. தீர்மானம் நிறைவேற்றப்பட்டதுன்னு எழுதுங்க. மூணையும் தனித்தனியா எழுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். களத்தில் ஜல்லி அள்ளிய மற்ற அஞ்சு பெண்களும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அடித்துவிட்டு, மறுபடி எழுதினார். மூன்று வரி வந்தது. வரிசை எண்ணை அவள் தன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பெரியவர் வால்வு ரேடியோவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, கூட்டத்துல என்ன சொன்னாங்க?" என்றார். அவள் கையை விரித்துக் காட்டினாள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியவில்லை. பேரன் வாசித்துச் சொன்னான்.

மறுநாள் களத்தில் அடுத்த வீட்டு நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் தனிச் சாக்கில் 10 கிலோ. டீக்கடைத் தராசும் அங்கேதான் இருந்தது. கடைக்காரர் சர்க்கரையைக் கையால் குத்துமதிப்பாக அளந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.