பையன் மேல தப்பில்லீங்க

போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையனுக்குச் செம டோஸ். ஒரு வீடியோவுல இருந்து பத்து ஸ்டில் எடுத்து வரிசையா காட்டணும், அவ்வளவுதான் ஆணி. பத்து கட்டத்துலயும் ஒரே படம் வந்து நிக்குது. "டாக்குமெண்ட் படிக்கிற பழக்கமே கிடையாதா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார் ஒரு சீனியர். எனக்குக் கடுப்பு பையன் மேல இல்லை.

ஆண்ட்ராய்டுல இதுக்குன்னே மீடியாமெட்டாடேட்டாரெட்ரீவர்னு ஒரு கிளாஸ் இருக்கு. 2011ல, 2.3.3 வெர்ஷன்ல வந்தது. வீடியோவோட நீளம் கேட்டா மில்லி செகண்ட்ல சொல்லும். அதையும் நம்பரா தராது, ஸ்ட்ரிங்கா தரும். அதே கிளாஸ்கிட்ட ஃப்ரேம் கேக்கணும்னா நேரத்தை மைக்ரோ செகண்ட்ல சொல்லணுமாம்! கிலோவுல விலை சொல்லிட்டு கிராம்ல ஆர்டர் எடுக்கிற கடையை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

ஒரு நிமிஷ வீடியோன்னா 60000ன்னு வரும். பையன் அதைப் பத்தால வகுத்து 0, 6000, 12000ன்னு 54000 வரைக்கும் கேட்டிருக்கான். 54000 மைக்ரோ செகண்ட்னா 0.054 செகண்ட்! போதாக்குறைக்கு, வேற எதுவும் சொல்லலைன்னா பக்கத்துல இருக்கிற கீ ஃப்ரேமைத்தான் எடுத்துக் கொடுக்கும். அப்புறம் எல்லாம் ஒரே படமா வராம? கம்பைலர் வாயே திறக்காது, எக்ஸெப்ஷனும் வராது. ஆயிரத்தால பெருக்கினதும் சரியாயிடுச்சு.

"பாராமீட்டர் பேர்லயே யுஎஸ்னு போட்டிருக்கே"ங்கிறார் சீனியர். போட்டிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஜாவாவுல அதைக் கூப்பிடுற வரியில அந்தப் பேர் எங்கங்க தெரியுது? அங்க இருக்கிறது வெறும் லாங் நம்பர்.

ஐபோன் பக்கம் சிஎம்டைம்னு தனி டைப்பே வெச்சிருக்காங்க. எண்ணும் அதோட டைம்ஸ்கேலும் சேர்ந்தே போகும், இந்தக் குழப்பத்துக்கே வழியில்லை. (அங்கயும் போனை நிமிர்த்திப் பிடிச்சு எடுத்த வீடியோவோட ஸ்டில் படுத்துக்கிட்டு வரும். அதுக்குன்னு ஒரு ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கணும். அந்தக் கதை இன்னொரு நாள்.) ஆக, செய்ய முடியாத விஷயம் ஒண்ணும் இல்லையே?

சந்தேகத்துல ப்ராஜெக்ட் முழுக்கத் தேடிப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஃபைல்ல, அஞ்சாவது செகண்ட் படத்துக்கு 5000ன்னு இருக்கு. ஒரே ஒரு ஸ்டில்ங்கிறதால எவனும் கவனிக்கலை. எழுதின புண்ணியவான் நான்தான் :-(

சீனியர்கிட்டயும் காட்டிட்டேன். சிரிச்சார், பையன்கிட்ட மட்டும் இன்னும் ஒண்ணும் சொல்லலை. இப்ப டியூரேஷன் டைப் மட்டுமே வாங்குற ராப்பர் ஒண்ணை அந்தப் பையனே எழுதிட்டு இருக்கான். உங்களை இப்படிக் கவுத்த ஃபங்ஷன் எதுன்னு பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க மக்களே.