வலையை அறுத்துவிட்டால் போதுமா?

வலையில் சிக்கிக் காயப்பட்ட கடலாமையை விடுவித்துக் கடலில் இறக்கிவிட்டால் போதும், புண்ணை உப்புநீரே ஆற்றிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இரக்கத்தில் பிறந்ததுதான். ஆனாலும் பிழைக்கக்கூடிய ஆமையை அது சாகவிடுகிறது.

முதலாவது, கடலாமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. நீருக்கடியில் வலையில் நெடுநேரம் மாட்டிக்கொண்டால் மூச்சடைத்து, செத்ததுபோல் துவண்டு கிடக்கும். அந்த நிலையில் கடலில் இறக்கினால் மூழ்கித்தான் போகும். வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்புறத்தை ஒரு சாண் அளவு உயர்த்தி, நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடியும். மூக்கை மட்டும் மூடக்கூடாது. தெளிவதற்குச் சில மணி நேரமாகலாம், ஒரு முழு நாளும் பிடிக்கலாம்.

இரண்டாவது, புண். துடுப்புக்காலை இறுக்கிய தங்கூசி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. செத்த தசையை எந்த உப்புநீரும் உயிர்ப்பிக்காது. அழுகல் உடலுக்குள் பரவுமுன் மிருக வைத்தியர் அதை வெட்டி அகற்ற வேண்டும். வாயில் தொங்கும் தங்கூசி இன்னும் ஆபத்தானது. அதன் மறுமுனை குடலில் இருக்கக்கூடும். இழுத்தால் நூலில் கோத்த துணிபோலக் குடல் சுருங்கிக் கிழியும். கொஞ்சம் வெளியே விட்டு நறுக்கிவிட்டு, ஆமையைச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்வதே முறை. முங்க முடியாமல் மிதக்கும் ஆமையும் வெயில் காய்வதாகவே பலருக்குத் தோன்றும். பெரும்பாலும் குடலில் வாயு சேர்ந்திருக்கும், அல்லது நுரையீரல் கிழிந்திருக்கும்.

இதற்கு நேரெதிரான வாதமும் உண்டு: காலிழந்த ஆமை கடலில் பிழைக்காது, தொட்டியிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஆனால் மூன்று துடுப்புக்கால்களோடு கடலுக்குத் திரும்பி வாழும் ஆமைகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பார்வையிழந்தவை, முன்கால்கள் இரண்டையும் இழந்தவை போன்ற சிலவற்றுக்கே நிரந்தரப் பராமரிப்பு தேவைப்படும். மற்றவற்றைக் கொஸ்கொட போன்ற தென்மேற்குக் கரையோர இடங்களில் உல்லாசப் பயணிகள் பார்க்கும் ஆழமற்ற தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வைப்பது சிகிச்சையாகாது. நெரிசலில் ஒன்றையொன்று கடிக்கும், தோலிலும் கண்ணிலும் தொற்று வரும். இலங்கைக்கு வரும் ஐந்து இனக் கடலாமைகளும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம்.

கடைசியாக, இது கரையோரத்தவர் பாடு, மலைநாட்டுக்கு இதில் என்ன என்ற கேள்வி. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் கம்பளைக்கு அருகே பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அதைவிட நெருக்கமான தொடர்பு மகாவலி. கம்பளையையும் பேராதனையையும் தொட்டு ஓடும் இந்த 335 கிலோமீற்றர் ஆறு, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. கம்பளையில் ஆற்றோரம் எறியப்படும் பொலித்தீனில் ஒரு பங்கு அணைக்கட்டுகளில் தங்கிவிடலாம். வெள்ளத்தோடு போவது கடல்வரை போகும். ஜெல்லிமீன் என்று எண்ணி அதை விழுங்கும் ஆமைக்குக் குடல் அடைத்து, வாயு சேர்ந்து, அது மிதக்கத் தொடங்கும். அதன் உடலில் அறுத்துவிட வலை எதுவும் இருக்காது. எக்ஸ்ரே, ஊசிவழித் திரவம், வாரக்கணக்கான பராமரிப்பு என்று எல்லாம் தேவைப்படும்.